கீழிருந்து மேலே சுருங்கும் திட்டு: சிங்கப்பூர்த் தென்தீவுப் பவளங்கள் பற்றிய நிகழ்வு ஆய்வு

மெரினா சவுத் படகுத்துறையில் கூசு தீவுக்குப் படகேறியவர்கள் ஓரத்தில் எட்டிப் பார்த்திருப்பார்கள். பச்சையும் சாம்பலும் கலந்த தண்ணீர். ஒரு ஆள் ஆழத்துக்குக் கீழே எதுவும் தெரியாது. சுற்றிலும் நங்கூரமிட்ட கப்பல்கள். இந்தத் தண்ணீருக்கு அடியில் 250க்கும் மேற்பட்ட வன்பவள இனங்கள் இருக்கின்றன, உலகில் அறியப்பட்டவற்றில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்று சொன்னால் முதல்முறை கேட்பவர்கள் நம்புவதில்லை. நம்பாததற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது.

பவளம் அழிகிறது என்றதும் பலரும் கடல் வெப்பத்தைத்தான் சொல்வார்கள். 2016இலும் 2024இலும் வெளுத்துப்போன பவளங்களின் படங்கள் நாளிதழ்களில் வந்தன. கேமராவுக்கு ஏற்ற சாவு அது. ஆனால் 1960களிலிருந்து கணக்கை எடுத்து வைத்துப் பார்த்தால் வெப்பம் மூன்றாவதாகத்தான் வரும். முதலில் வருவது பவளத் திட்டின் மேல் மண் கொட்டி நிலமாக்கியது. அடுத்தது, கொட்டாமல் விட்ட திட்டுகளைச் சுற்றித் தண்ணீர் கலங்கியது. எது எவ்வளவைக் கொண்டுபோனது, போனதில் எது திரும்பி வந்தது, எது வரவில்லை என்பதே இங்கே எடுத்துக்கொள்ளும் கேள்வி.

களமும் அளவுகோலும்

சிங்கப்பூரின் பவளம் பெரும்பாலும் தெற்கே உள்ள தீவுகளை ஒட்டி இருக்கிறது: செயின்ட் ஜான்ஸ், லாசரஸ், கூசு, சிஸ்டர்ஸ் தீவுகள், புலாவ் ஹந்து, புலாவ் செமாக்காவ், தென்கோடியில் 1855இல் கட்டிய ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கம் நிற்கும் புலாவ் சத்துமு. இவை தவிர, நீர் வற்றும்போது மட்டும் தலைகாட்டும் தனித் திட்டுகளும் உண்டு. மலாய் மொழியில் அவற்றைத் தெரும்பு என்பார்கள். தெரும்பு பெம்பாங், தெரும்பு ராயா என்றெல்லாம் கடல் வரைபடத்தில் பெயர் இருக்கும்.

நீண்டகாலக் கணக்கெடுப்பு 1986இல் ஆசியான்-ஆஸ்திரேலியக் கூட்டுத் திட்டத்தின்கீழ் தொடங்கியது. முறை எளியது. ஒரே ஆழத்தில், கரைக்கு இணையாக, 20 மீட்டர் அளவுநாடாவை விரிப்பார்கள். நாடாவுக்கு நேர் கீழே என்ன இருக்கிறது என்பதை செ.மீ. கணக்கில் எழுதிக்கொண்டே போவார்கள்: பொரைட்டிஸ் என்ற வன்பவளம் 34, மணல் 12, செத்த பவளத்தின் மேல் பாசி 51, இப்படி. 2,000 செ.மீ.யில் உயிருள்ள வன்பவளம் மொத்தம் 620 வந்தால் பவளப் பரப்பு 31 விழுக்காடு. ஓர் ஆழத்துக்கு ஐந்து நாடா. நீரோட்டத்தில் நாடா ஆடினால் எண்ணும் ஆடும். அதனால் நாடாவை இறுக்கி, திட்டின் மேடு பள்ளத்தை ஒட்டிக் கிடத்த வேண்டும். ஒருவர் ‘கற்குவியல்’ என்று எழுதுவதை இன்னொருவர் ‘செத்த பவளம்’ என்று எழுதினால் பத்தாண்டு கழித்து ஒப்பிடும்போது தலைவலி. இந்த இரண்டும் ஏன் வேறு என்பது பின்னால் வரும்; இந்த ஆய்வின் முடிச்சே அங்கேதான் இருக்கிறது.

அளந்த ஆழங்கள் இரண்டு. திட்டின் விளிம்பில் 3 முதல் 4 மீட்டர்; அதற்குக் கீழே சரிவில் 6 முதல் 7 மீட்டர். இடைவெளி வெறும் மூன்று மீட்டர், ஒரு மாடி உயரம். 27 ஆண்டுத் தரவைச் சேர்த்துப் பார்த்தபோது அந்த ஒரு மாடிக்குள் இரண்டு வேறு கதைகள் இருந்தன. முதல் பத்தாண்டில் இரு ஆழத்திலும் பவளம் குறைந்தது. பிறகு மேல் விளிம்பு சுமார் பத்தாண்டில் பழைய நிலையை நோக்கித் திரும்பியது. கீழ்ச்சரிவு திரும்பவில்லை.

மண்ணுக்கு அடியில் போனது

இதை நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. 1960களில் சுமார் 580 சதுர கி.மீ. இருந்த நாடு இன்று 730 சதுர கி.மீ.யைத் தாண்டிவிட்டது. கூடிய நிலம் ஆழம் குறைந்த கடலிலிருந்து வந்தது. ஆழம் குறைந்த கடலில்தான் பவளமும் இருந்தது. கிழக்குக் கடற்கரை நிலமீட்பு 1966இல் தொடங்கி 1980களின் நடுப்பகுதி வரை நடந்து 1,525 ஹெக்டேரைச் சேர்த்தது. ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு பாய் விரிக்கும் கிழக்குக் கடற்கரைப் பூங்கா அதன் மேல்தான் இருக்கிறது. ஜூரோங் தீவு ஏழு தீவுகளை ஒட்டவைத்து உருவாக்கியது. மிகச் சிறியதாக இருந்த கூசு தீவு 1975இல் எட்டரை ஹெக்டேராகப் பெரிதானது; சீனக் கோயிலுக்கும் மேட்டின் மேல் உள்ள கெராமத்துக்கும் (மலாய்ப் புனிதர் அடக்கத்தலம்) போகிறவர்கள் இன்று நடக்கும் தரையில் பாதிக்கு மேல் முன்பு திட்டு. மொத்தத்தில் நாட்டின் பவளத் திட்டுப் பரப்பில் சுமார் 60 விழுக்காடு போய்விட்டது.

இந்த இழப்பில் மீட்சி என்ற பேச்சே இல்லை. மீதி 40 விழுக்காட்டைப் பற்றித்தான் பேச முடியும்.

தமிழகக் கடலை அறிந்தவர்களுக்கு இங்கே ஓர் ஒப்பீடு தோன்றும். தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையிலுள்ள 21 தீவுகளைச் சுற்றியிருந்த பவளத்தைச் சுண்ணாம்புக்காகவும் கட்டுமானத்துக்காகவும் பல்லாண்டுகள் வெட்டி எடுத்தார்கள். அலையைத் தாங்கிய அரண் போனதும் விலங்குச்சல்லி, பூவரசன்பட்டி என்ற இரண்டு தீவுகள் நீருக்குள் போயின. அங்கே பவளத்தை எடுத்துக்கொண்டு போனார்கள், இங்கே பவளத்தின் மேல் கொண்டுவந்து போட்டார்கள். அங்கே வெட்டு நின்றதும் எஞ்சிய இடத்தில் தண்ணீர் தெளிய வழி இருந்தது. இங்கே தெளியவில்லை.

கலங்கல்: நிறுத்தினாலும் நிற்காதது

1960களில் சிங்கப்பூரின் தென்கடலில் நீருக்கடியில் சுமார் 10 மீட்டர் தூரம் கண்ணுக்குத் தெரிந்தது. பிறகு அது 2 மீட்டர் அளவுக்கு வந்துவிட்டது. இதற்கு நிலமீட்பு, கப்பல் வழியைத் தூர்வாருதல், தூர்வாரிய மண்ணைக் கொண்டுபோய்க் கொட்டுதல் மூன்றும் சேர்ந்தே காரணம்.

முதலில் மண் எங்கிருந்து கசிகிறது என்பது. கடலடி மண்ணை உறிஞ்சும் கப்பலின் தொட்டியில் வந்து விழுவது மணலும் தண்ணீரும் கலந்த குழம்பு. மணல் அடியில் தங்கும். மேலே நிற்கும் தண்ணீரை வெளியே வழியவிட்டால்தான் தொட்டியில் இன்னும் மணல் ஏற்ற முடியும். வழியும் அந்தத் தண்ணீரோடுதான் மிக நுண்ணிய களிமண் போகிறது. வழியும் குழாயில் காற்றுக் குமிழி கலந்திருந்தால் அந்தக் கலங்கல் மேற்பரப்பிலேயே மிதந்து பரவும். குமிழியைத் தடுக்கும் வால்வு போட்டால் அடர்த்தியாக அடியில் இறங்கும். நிலமீட்பிலும் வரிசை முக்கியம். சுற்றுக்கரையை முதலில் மூடிவிட்டு உள்ளே மண் கொட்டினால் கசிவு குறைவு. கரையை மூடாமல் கொட்டினால் ஒவ்வொரு வற்றத்திலும் கலங்கல் வெளியே போகும்.

இனி, போன மண் ஏன் அடங்குவதில்லை? துகளின் பருமனைப் பார்க்க வேண்டும். ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு பருமனுள்ள மணல் துகள் 10 மீட்டர் இறங்க சுமார் 20 நிமிடம் போதும். அதிலும் பத்தில் ஒரு பங்கான நுண்வண்டல் அதே 10 மீட்டரை இறங்க ஒரு நாளுக்கு மேல் ஆகும், அதுவும் தண்ணீர் அசையாமல் நின்றால். சிங்கப்பூர் நீரிணையில் அலையோட்டம் ஒரு நாளில் பல முறை திசை மாறுகிறது. அடியில் போய் உட்கார நேரம் கிடைப்பதற்குள் மறுபடி கிளம்பிவிடும். கப்பல்களின் அலையும் அதைக் கிளறும். ஆகவே 1970களில் கொட்டிய மண் இன்றும் வேலை செய்துகொண்டிருக்கிறது என்று சொல்வதில் மிகையில்லை. மண்வாரும் கப்பல் ஊரைவிட்டுப் போனதும் பிரச்சினையும் போய்விடும் என்ற எண்ணம் தவறுவது இங்கேதான்.

வண்டல் படிவை அளக்கும் பொறி, 5 செ.மீ. உள்விட்டமும் 11.5 செ.மீ. உயரமும் உள்ள பிவிசி குழாய். அடிப்பக்கம் மூடி, வாய்ப்பக்கம் மீன் நுழையாதபடி தடுப்பு. மூன்று குழாயை ஒரு கம்பியில் கட்டி, தரையிலிருந்து சற்று மேலே இருக்குமாறு நிறுத்துவார்கள். நான்கு வாரம் கழித்து நீருக்குள்ளேயே மூடி எடுத்து, வடிகட்டி, உப்பை நன்னீரில் கழுவி, 70 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்தி நிறுப்பார்கள். குழாய் வாயின் பரப்பு 19.6 சதுர செ.மீ. அதில் 28 நாளில் 10 கிராம் சேர்ந்திருந்தால், 10,000 மி.கி.யை 19.6 ஆலும் 28 ஆலும் வகுக்க, நாளொன்றுக்கு ஒரு சதுர செ.மீ.க்குச் சுமார் 18 மி.கி. உப்பைக் கழுவ மறந்தால் எண் ஊதிப்போகும். ஒரு நண்டு உள்ளே குடிபுகுந்தாலும் அப்படியே.

உலகளவில் கலங்காத திட்டுகளுக்கு 10 மி.கி.க்குக் கீழ் என்பதை இயல்பாக எடுத்துக்கொள்வது வழக்கம். சிங்கப்பூரில் 1979இல் அளந்தபோது 3 முதல் 6 மி.கி.; 1994இல் 5 முதல் 45 மி.கி. ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும்: பொறிக்குள் விழுந்தது வெளியேறாது, பவளத்தின் மேல் விழுந்தது ஓட்டத்தில் அடித்துக்கொண்டு போகலாம். ஆகவே இந்த எண் பவளத்தின் மேல் தங்கிய மண்ணின் அளவல்ல, அதன் தலையில் விழுந்த மண்ணின் அளவு. இரண்டையும் ஒன்றாக வைத்து எழுதிய அறிக்கைகள் நிறைய உண்டு.

விழுந்த மண்ணைப் பவளம் சும்மா ஏற்றுக்கொள்வதில்லை. ஒரு மூளைப் பவளத்தை அருகில் வைத்துப் பார்த்தால் தெரியும். வளைந்து வளைந்து ஓடும் வரப்புகளுக்கு இடையே உள்ள பள்ளத்தில் சாம்பல் நிற வண்டல் உட்காரும். சற்று நேரத்தில் திசு நீரை உறிஞ்சி மெல்ல உப்பும்; பள்ளம் மேடாகும். மேலே கண்ணாடித் தாள் போல ஒரு கோழைப்படலம் சுரக்கும். வண்டல் அதில் சிக்கிச் சிறுசிறு திரிகளாகத் திரண்டு, கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் தள்ளத் தள்ள ஓரத்துக்கு நகர்ந்து, ஓட்டத்தில் பிய்ந்து போகும். காளான் பவளம் இன்னும் கெட்டி. புதைந்தாலும் உப்பி உப்பித் தன்னைத் தானே வெளியே எடுத்துக்கொள்ளும். ஆனால் ஒவ்வொரு முறையும் கோழைக்குச் சத்து செலவாகிறது. வளர்ச்சிக்கும் முட்டைக்கும் போக வேண்டியது துப்புரவுக்குப் போகிறது.

அந்தச் சத்து வருவது ஒளியிலிருந்து. பவளத் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசி ஒளிச்சேர்க்கை செய்து, பவளத்தின் சத்துத் தேவையில் 90 விழுக்காடு வரை தர வல்லது. கலங்கிய நீரில் ஒவ்வொரு மீட்டரிலும் 40 விழுக்காடு ஒளி குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். 3 மீட்டரில் மிஞ்சுவது சுமார் 22 விழுக்காடு. 6 மீட்டரில் 5க்கும் கீழே. ஒரு மாடி இறங்கியதற்கு நான்கில் மூன்று பங்கு போய்விட்டது. மேல் விளிம்பும் கீழ்ச்சரிவும் இரண்டு கதையானதற்கு இந்தப் பெருக்கல்தான் பாதிக் காரணம்.

மீதிப் பாதி பவளத்தின் உருவத்தில் இருக்கிறது. ஒளி குறைந்தால் பவளம் தட்டையாக, தட்டு போல விரிந்து வளரும்; கிடைக்கிற வெளிச்சத்தை அகலமாக வாங்கிக்கொள்ள அது வழி. ஆனால் தட்டையான தட்டில்தான் மண்ணும் தங்கும். செங்குத்தாக நின்றால் மண் வழுக்கிப் போகும், ஒளி போதாது. கிண்ண வடிவ டர்பினேரியாவின் நடுக்குழியில் வண்டல் தேங்கி அந்த இடம் மட்டும் செத்து, சுற்று விளிம்பு உயிரோடு இருப்பதைத் தென்தீவுகளில் அடிக்கடி பார்க்கலாம். ஒளிக்கும் மண்ணுக்கும் ஒரே நேரத்தில் ஏற்ற உருவம் என்று ஒன்று கிடையாது.

கீழ்ச்சரிவு ஏன் மீளவில்லை என்ற கேள்விக்கு இன்னொரு பதிலும் உண்டு. பவளம் செத்த இடத்தைப் பாசி பிடித்துக்கொள்வது உலகின் பல திட்டுகளில் நடப்பது. சிங்கப்பூரின் ஆழமான இடங்களில் பாசி ஆட்சிக்கு வரவில்லை. வந்தது உடைகல்லும் நுண்வண்டலும். மிதந்து வரும் பவளக் குஞ்சு ஒட்டிக்கொள்ள அசையாத கடினத் தளம் வேண்டும். மெல்லிய வண்டல் பூச்சு இருந்தாலே அது உட்காராது. உட்கார்ந்தாலும் உருளும் கல்லில் பிழைக்காது. செத்த பவளம் நிமிர்ந்து நின்றால் அது நாளைக்கு வீடு. உடைந்து கற்குவியலானால் வீடு இல்லை. கணக்கெடுப்பில் இரண்டையும் குழப்பக் கூடாது என்றது இதனால்தான்.

தேநீர் நிறத் தண்ணீர்

கலங்கலுக்கெல்லாம் உள்ளூர் மண்தான் காரணம் என்று முடித்துவிட முடியாது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில், ஏறத்தாழ மே முதல் செப்டம்பர் வரை, நீரோட்டம் சுமத்ராவின் கிழக்குக் கரையிலிருந்து சிங்கப்பூர் நீரிணைக்குத் தண்ணீரைக் கொண்டுவருகிறது. அந்தக் கரை நெடுகச் சதுப்பு நிலக் கரிமண். அதில் ஊறிய ஆற்றுநீர் பால் கலக்காத தேநீர் போல இருக்கும். அதில் கரைந்த கரிமப் பொருள் ஒளியின் நீலப் பகுதியை விழுங்குகிறது. நுண்பாசிக்கு அந்த நீலம்தான் முக்கியம். அந்தப் பொருள் சிதையும்போது கரியமில வாயு வெளியாகி நீரின் அமிலத்தன்மையும் சற்றுக் கூடுகிறது. கரைந்திருப்பதால் இது வண்டல் பொறியில் விழாது, எந்தத் திரையிலும் நிற்காது. காடழித்து வடிகால் வெட்டிய கரிமண் நிலத்தின் விளைவை, அந்த நிலத்தைக் கண்ணால் பார்க்காத பவளம் சுமக்கிறது. சுமத்ராவின் புகைமூட்டம் மட்டும்தான் நீரிணையைத் தாண்டி வருகிறது என்று நினைப்பவர்கள் இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

வெப்பம்

இங்கே கடல் அதிகம் சூடாவது மே, ஜூன் மாதங்களில். வழக்கமான உச்சம் சுமார் 30 டிகிரி செல்சியஸ். அதற்கு மேல் ஒரு டிகிரி ஏறி நின்றால் வெளுப்புக்கான வாசல் திறக்கிறது. எத்தனை நாள் நிற்கிறது என்பதும் கணக்கு. கூடுதல் டிகிரியை வாரத்தால் பெருக்குவார்கள்: உச்சத்தைவிட ஒன்றரை டிகிரி கூடுதல் மூன்று வாரம் நீடித்தால் வெப்பச்சுமை நாலரை டிகிரி-வாரம். நான்கைத் தாண்டினால் வெளுப்பை எதிர்பார்க்கலாம். எட்டைத் தாண்டினால் பரவலான சாவை.

சூட்டில் நுண்பாசியின் ஒளிச்சேர்க்கை இயந்திரம் பழுதாகி நச்சு ஆக்சிஜன் சேர்மங்களைக் கக்கத் தொடங்கும். பவளம் அந்தப் பாசியை வெளியேற்றிவிடும். நிறம் பாசியுடையது என்பதால் திசு கண்ணாடியாகி, அடியிலுள்ள சுண்ணாம்பு எலும்பு வெள்ளையாகத் தெரிகிறது. வெளுத்தது செத்தது அல்ல. அருகில் பார்த்தால் வெள்ளைப் பரப்பின் மேல் நிறமற்ற உணர்கொம்புகள் அசையும். சில இனங்கள் வெளிர் ஊதாவாகவோ மஞ்சளாகவோ ஒளிர்வது போலவும் இருக்கும். செத்திருந்தால் கொம்புகள் இருக்காது, ஓரிரு வாரத்தில் பச்சையும் பழுப்புமாகப் பூஞ்சை போலப் பாசி படரும். வெள்ளையைப் பார்த்ததும் செத்ததாக எழுதிவிடுவதும், பழுப்பைப் பார்த்து மீண்டுவிட்டது என்று எழுதிவிடுவதும் புதிதாகக் கணக்கெடுப்பவர்கள் செய்யும் இரண்டு பிழைகள்.

1998இல் சிங்கப்பூரின் பவளங்களில் சுமார் 90 விழுக்காடு வெளுத்தன. ஏறத்தாழக் கால்வாசி மீளவில்லை. 2010இல் ஆய்வு செய்த திட்டில் 66 விழுக்காடு பவளக் கூட்டங்கள் (தனித்தனித் தொகுதிகள்) வெளுத்தன, ஆனால் மீட்சி வேகமாக இருந்தது. 2016இல் மறுபடி. 2024இல், உலகளாவிய நான்காவது வெளுப்பு என்று ஏப்ரலில் அறிவிக்கப்பட்ட ஆண்டில், ஜூலை உச்சத்தில் சுமார் 44 விழுக்காடு வெளுத்து, அக்டோபர் வாக்கில் சுமார் 7 விழுக்காடு செத்திருந்தன.

எண்கள் இறங்கிக்கொண்டே வருவதைப் பார்த்துப் பவளம் பழகிவிட்டது என்று சொல்லத் தோன்றும். ஓரளவு ஆதாரமும் இருக்கிறது. 2010இல் வழக்கமாக முதலில் வெளுக்கும் அக்ரோபோரா வகைப் பவளம் சிங்கப்பூரிலும் மலேசியாவின் தியோமான் தீவிலும் அதிகம் வெளுக்கவில்லை. 1998இல் அடிவாங்காத, சுமத்ராவை ஒட்டிய புலாவ் வே தீவில் அதே அக்ரோபோரா பெரிதும் வெளுத்தது. அடிபட்ட இடத்தில் தாங்கக்கூடியவை மிஞ்சியிருந்தன. ஆனால் இதற்கு வேறொரு விளக்கமும் சமமாகப் பொருந்தும். மண்ணும் கலங்கலும் மென்மையான இனங்களை ஏற்கெனவே அகற்றிவிட்டன. எஞ்சியவை பொரைட்டிஸ், பெக்டினியா, மெருலினா, பிளாட்டிகைரா போன்ற கெட்டிகள். கலங்கல் குடை போல வெயிலையும் குறைக்கிறது. மிதக்கும் துகள்களைத் தின்று சிலவகைப் பவளம் பாசி இல்லாத வாரங்களைக் கடத்துகிறது. எந்தக் கலங்கல் கீழ்ச்சரிவைக் கொன்றதோ, அதுவே மேல் விளிம்பை வெயிலிலிருந்து காத்தது. அதற்காகக் கலங்கலுக்கு நன்றி சொல்ல வேண்டியதில்லை. வெயிலுக்குப் பயந்து ஆழத்துக்கு இறங்கும் வழி சிங்கப்பூர்ப் பவளத்துக்கு அடைபட்டுக் கிடக்கிறது; மேலே மூன்று நான்கு மீட்டரில்தான் இருந்தாக வேண்டும், சூடும் அங்கேதான் முதலில் வரும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2024 ஜூன் 14 அன்று பாசிர் பாஞ்சாங்கில் மண்வாரும் கப்பல் ஒன்று எண்ணெய்க் கப்பலில் மோதி சுமார் 400 டன் எரிபொருள் கொட்டியது. செந்தோசா, லாப்ரடார், தென்தீவுகள், கிழக்குக் கடற்கரை வரை போனது. மிதக்கும் எண்ணெய் நீருக்குள் இருக்கும் பவளத்தை அவ்வளவு தொடாது. பெரிய வற்றத்தில் வெளியே நிற்கும் திட்டின் உச்சிக்குத்தான் ஆபத்து. அறுந்த தூண்டில் நரம்பு, கைவிட்ட வலை, நங்கூரம் எல்லாம் உள்ளவைதான். ஆனால் கீழ்ச்சரிவை அழித்தது இவை அல்ல.

திரை, இடமாற்றம், நாற்றங்கால்

கவனமாகச் செய்தால் என்ன நடக்கும் என்பதற்குச் செமாக்காவ் குப்பைநிலம் ஓர் எடுத்துக்காட்டு. 1999 ஏப்ரலில் இயங்கத் தொடங்கியது. 7 கி.மீ. கற்கரை, அதன் உட்புறத்தில் நீர் ஊடுருவாத படலமும் கடற்களிமண்ணும். கட்டும்போது பவளத்துக்கும் வேலைக்கும் இடையே வண்டல் திரை தொங்கவிட்டார்கள். தீவின் மேற்குப் பக்கத் திட்டு இன்றும் உயிரோடு இருக்கிறது. வற்ற காலத்து நடைக்கு ஆட்கள் அங்கே போகிறார்கள்.

ஆனால் வண்டல் திரையை மந்திரம் போல நம்பக் கூடாது. மிதவையிலிருந்து தொங்கும் துணி அது. ஓட்டம் வினாடிக்கு அரை மீட்டரைத் தாண்டினால் துணி பாய் போல விரிந்து மேலே தூக்கும், அடியில் வாசல் திறந்துவிடும். தென்தீவுகளுக்கு இடையிலுள்ள கால்வாய்களில் அதைவிட வேகமான ஓட்டம் சாதாரணம். ஏற்ற வற்ற வேறுபாடு 3 மீட்டர் வரை இருக்கும் ஊரில் திரையின் நீளத்தை ஏற்றத்துக்கு வெட்டினால் வற்றத்தில் தரையில் புரண்டு அதுவே மண்ணைக் கிளறும். வற்றத்துக்கு வெட்டினால் ஏற்றத்தில் அடியில் இடைவெளி. அதனால் திரையோடு நிறுத்தாமல், திட்டருகே கலங்கல் மானியை வைத்து, குறித்த அளவை மீறியதும் அன்றைய வேலையைக் குறைப்பதுதான் பயன் தரும். ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில், பவளம் முட்டையிடும் நாட்களில் தூர்வாருவதை நிறுத்துவதும் உரிம நிபந்தனையாக இருந்திருக்கிறது. சிங்கப்பூரில் அந்த நாட்கள் தெரிந்தவையே: மார்ச் கடைசி அல்லது ஏப்ரல் பௌர்ணமிக்குப் பின் 3 முதல் 5ஆம் இரவு, 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையே.

அடுத்த வழி இடமாற்றம். துவாஸ் துறைமுகப் பணிக்காக, அதனருகே உள்ள சுல்தான் ஷோல் திட்டிலிருந்து 2013-14இல் 2,300க்கும் மேற்பட்ட வன்பவளக் கூட்டங்கள் செயின்ட் ஜான்ஸ், சிஸ்டர்ஸ் தீவுப் பக்கம் மாற்றப்பட்டன. உளியால் அடியோடு பெயர்த்து, நீர்த்தொட்டியில் நிழலில் வைத்துக் கொண்டுபோய், அதே ஆழம், அதே ஒளி உள்ள இடத்தில் ஒட்ட வேண்டும். ஆழத்தை மாற்றினால் ஒட்டியது நின்றாலும் பவளம் நிற்காது. பெரிய பொரைட்டிஸ் உருண்டைகளைப் பெயர்ப்பது பெரும்பாடு. ஆண்டுக்கு ஒரு செ.மீ. அளவில் வளரும் அவற்றுள் ஒரு மீட்டர் உருண்டை, அதைப் பெயர்க்க வந்தவரின் அப்பாவை விட வயதானதாக இருக்கலாம்.

தேசியப் பூங்காக் கழகம் 2024 டிசம்பரில் தொடங்கிய திட்டம் பத்தாண்டுகளுக்கு மேல் 100,000 பவளங்களை நடுவது. உடைந்து உருண்டு கிடக்கும் துண்டுகளைப் பொறுக்கி, சில செ.மீ. அளவுக்கு வெட்டி, தரையிலிருந்து தூக்கி நிறுத்திய வலைச்சட்டத்தில் அல்லது செயின்ட் ஜான்ஸ் தீவுத் தொட்டியில் சில மாதம் வளர்த்து, பிறகு திட்டில் ஒட்டுவார்கள். தவறுவது பெரும்பாலும் சின்ன விஷயத்தில். ஒட்டும் இடத்துப் பாசியைக் கம்பித்தூரிகையால் சுரண்டாமல் ஒட்டுப்பசையை வைத்தால் ஒரு மாதத்தில் பசையோடு கழன்றுவிடும். விரலால் தொட்டால் ஆடுகிற துண்டு ஒருபோதும் வேர் பிடிக்காது, அதன் திசு அடியில் பரவ முடியாது. நாற்றங்கால் வலையைத் துடைக்காமல் விட்டால் பாசியும் கடற்பஞ்சும் துண்டை மூடும். துருப்பெல்லா நத்தை ஒன்று ஏறிவிட்டால் அது மேய்ந்த தடம் வெள்ளைக் கோடாகத் தெரியும். கையால் பொறுக்குவதைத் தவிர மருந்தில்லை. விரைவில் வளரும் பொசிலோபோராவை மட்டும் நட்டால் படத்துக்கு அழகு, அடுத்த வெளுப்பில் முதலில் போவதும் அதுதான். ஆகவே மெதுவானவற்றையும் சேர்த்தே நட வேண்டும்.

எங்கே நடுகிறார்கள் என்பதையும் கவனிக்கலாம். சரிந்த பாறை, கடற்சுவரின் சாய்ந்த முகம், 2018இல் சிஸ்டர்ஸ் தீவருகே இறக்கிய, 11 மீட்டர் வரை உயரமுள்ள செயற்கைத் திட்டுக் கட்டமைப்புகளின் மேற்பகுதி: எல்லாம் மண் வழுக்கும், ஒளி எட்டும் இடங்கள். 6, 7 மீட்டர் சரிவில் நடுவதில் பயனில்லை என்பது நடுபவர்களுக்குத் தெரியும். அங்கே முதலில் வேண்டியது உடைகல்லை அசையாமல் கட்டுவதும், மேலிருந்து விழும் வண்டலைக் குறைப்பதும். 2024 வெளுப்புக்குப் பிந்தைய கணக்கெடுப்பில் இந்தச் சரிவுக்குப் பவள விழுக்காட்டை மட்டும் எழுதினால் போதாது. நாடாவின் கீழே எத்தனை செ.மீ. நிமிர்ந்த பாறை, எத்தனை செ.மீ. உருளும் கல், எத்தனை செ.மீ. வண்டல், வண்டலின் கனம் எத்தனை மில்லிமீட்டர் என்பதைத் தனித்தனியாகக் குறிக்க வேண்டும். நிமிர்ந்த பாறையின் எண் கூடியிருந்தால்தான் நாற்றங்காலிலிருந்து ஒரு துண்டையாவது அங்கே இறக்கிப் பார்க்கலாம்.